பீனட் பட்டர் சாக்லேட் மூன்றாம் நாள் வெளுப்பது ஏன்?

குன்னூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பீனட் பட்டரை உருட்டிச் சாக்லேட்டில் முக்கி எடுத்தாராம். அன்றைக்குப் பார்க்கவும் தின்னவும் நன்றாக இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது, நாலைந்து உருண்டை விரிசல் விட்டது, அடியில் போட்ட பட்டர் பேப்பரில் எண்ணெய்க் கறை. மதுரையில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப வேண்டும், எந்தக் கம்பெனிச் சாக்லேட் வாங்கினால் இப்படி ஆகாது என்பது அவர் கேள்வி. ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வெளுப்பது ஏன், விரிவது ஏன், எண்ணெய் கசிவது ஏன்? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. கம்பெனியை மாற்றினால் மட்டும் மூன்றில் ஒன்றுகூடத் தீராது.

நான் உணவுத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்துவிட்டு, ஊட்டியில் சாக்லேட் கடைகளின் பின்கட்டில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன். இப்போது வீட்டிலேயே ஆர்டருக்குச் செய்கிறேன். கொழுப்பு எப்படி உறைகிறது, கடலை எண்ணெய் சாக்லேட்டை என்ன செய்கிறது என்பதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது, கையாலும் பார்த்திருக்கிறேன். அதைத் தயங்காமல் சொல்வேன். உங்கள் அடுக்களை எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம் என்பது இங்கிருந்து எனக்குத் தெரியாது. அங்கே நான் சொல்வது ஊகம்தான், நீங்கள் அளந்து பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

விரிசலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் நான் நன்றாக அடிபட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு டிசம்பர் மாதம். கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு முந்நூறு உருண்டை ஆர்டர். முதல் நாள் மாலையே பூரணத்தை உருட்டி, ஜன்னலோரம் கடப்பா கல் மேடையில் தட்டுத் தட்டாக அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து முக்கத் தொடங்கினோம். வெளியே புல்லெல்லாம் உறைபனி. பத்து மணிக்குள் பாதி உருண்டைகள் பொங்கல் பானை வெடித்த மாதிரி விரிந்துவிட்டன. முதலாளி சாக்லேட் கட்டியைக் குறை சொன்னார், வேறு கட்டி உடைத்தோம், அதுவும் விரிந்தது. கோபத்தில் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து, மீதியிருந்த அறுபது எழுபது உருண்டையைப் பிற்பகல் இரண்டு மணிக்கு அதே சாக்லேட்டில் முக்கினேன். ஒன்றுகூட விரியவில்லை. காலையிலிருந்து மாறியது ஒன்றுதான்: பூரணத்தின் மேல் வெயில் பட்டிருந்தது.

விஷயம் இதுதான். குளிர்ந்த பூரணம் சுருங்கியிருக்கும். அதன் மேல் சாக்லேட் இறுகி ஓடாகிவிடுகிறது. பிறகு அறை கதகதப்பாகும்போது பூரணம் கொஞ்சம் விரிகிறது, ஓடு விரியாது, வெடிக்கிறது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இது உருண்டையை நெடுநேரம் ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்ததும் நேராக முக்கினால் வரும். நமக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை, அடுக்களை மேடையே போதும். அதனால்தான் சமவெளிக்காரர்கள் எழுதும் குறிப்பை அப்படியே பின்பற்றினால் மலையில் காலை வாரிவிடும். அவர்கள் ‘உருண்டையை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கவும்’ என்று எழுதியிருப்பார்கள். 32 டிகிரி அடுக்களைக்கு அது சரி. 14 டிகிரியில் நிற்கும் நமக்கு அதற்கு நேர் எதிரான வேலைதான் தேவை. பூரணம் 20 முதல் 22 டிகிரியில் இருக்க வேண்டும். அறையும் கிட்டத்தட்ட அதே அளவில் இருந்தால் நல்லது. குளிர்காலத்தில் குன்னூரில் அது தானாக வராது. காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள், வெயில் விழும் அறையில் செய்யுங்கள். முன்னதாகவே அடுப்பில் சோறு கறி வைத்து முடித்தால் அறை சூடேறியிருக்கும், ஆனால் அந்த ஆவி போகும்வரை காத்திருக்க வேண்டும். ஏன் என்று கீழே வருகிறேன். கல் மேடையில் நேராகத் தட்டை வைக்காதீர்கள். ஒரு மரப்பலகையோ மடித்த துண்டோ போட்டு அதன் மேல் வையுங்கள். கல் சூட்டை உறிஞ்சிவிடும்.

இனி வெளுப்பு. தொழிலில் இதை ப்ளூம் என்போம். இதில் இரண்டு வகை, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். படத்தைப் பார்த்து எது என்று என்னால் சொல்ல முடியாது, நீங்கள் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். விரலை நன்றாகத் துடைத்துவிட்டு வெளுத்த இடத்தில் மெதுவாகத் தேயுங்கள். வழுக்கிக்கொண்டு, விரல் சூட்டிலேயே வெள்ளை மறைந்தால் அது கொழுப்பு. சொரசொரவென்று இருந்து, தேய்த்தாலும் போகாமல், ஈர விரல் பட்டால் மட்டும் கரைந்தால் அது சர்க்கரை. இரண்டையும் தின்னலாம், கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. ருசி கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

சர்க்கரை வெளுப்பு ஈரத்தால் வருவது. சாக்லேட்டின் மேல் பனித்துளி மாதிரி ஈரம் படிந்து, அது சர்க்கரையைக் கரைத்து, பிறகு காயும்போது சர்க்கரையை மேலேயே விட்டுவிட்டுப் போகிறது. குன்னூரில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் நவம்பரில், மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும் நாட்களில் இது நிச்சயம் வரும். அந்த நாட்களில் நான் சாக்லேட் வேலையே வைத்துக்கொள்வதில்லை. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. 55 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால் நிம்மதியாக வேலை செய்யலாம். இல்லாவிட்டால் ஒரு எளிய சோதனை: கைப்பிடி உப்பைத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் வையுங்கள். உப்பு பிசுபிசுத்தால் சாக்லேட்டை எடுக்காதீர்கள். மீட்டர் அளவுக்குத் துல்லியமில்லை, ஆனால் எங்கள் பழைய மேஸ்திரி இதை வைத்தே முப்பது வருடம் ஓட்டினார்.

கொழுப்பு வெளுப்புதான் பெரிய கதை. கோகோ வெண்ணெய் ஒரு விசித்திரமான பொருள். அது ஆறு விதமாகப் படிகமாகும். ஒவ்வொன்றும் உருகும் சூடு வேறு. அதில் ஐந்தாவது வகைதான் நமக்கு வேண்டியது. ஏறக்குறைய 34 டிகிரியில் உருகுவதால் விரலில் ஒட்டாமல் வாயில் மட்டும் கரையும். உடைத்தால் ‘டக்’ என்று சத்தம் வரும், மேலே பளபளப்பு இருக்கும். கீழ் வகைகள் சீக்கிரம் உறையும், ஆனால் நிலைக்காது. சில நாட்களில் அவை மெல்ல வேறு வகைக்கு மாறும்போது கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் படியும். உருக்கிய சாக்லேட்டை அப்படியே ஊற்றி, குளிரில் சட்டென்று உறைய விட்டால் அந்த நிலையில்லாத வகைகள்தான் உருவாகும். ஊட்டிக் குளிரில் எல்லாம் நன்றாக உறையும் என்று சுற்றுலா வருபவர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். உறையும், அதில் சந்தேகமில்லை. என்ன வகையாக உறைந்தது என்பது மூன்றாம் நாள்தான் தெரியும்.

அதைச் சரியான வகைக்குக் கொண்டுவருவதைத்தான் டெம்பரிங் என்கிறார்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் கையில் இருப்பது என்ன சாக்லேட் என்று பாருங்கள். பின்பக்கம் உள்ள பொருள் பட்டியலில் கோகோ வெண்ணெய் என்று மட்டும் இருந்தால் அது அசல் சாக்லேட், அதற்கு டெம்பரிங் கட்டாயம். ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்றோ பனை விதைக் கொழுப்பு என்றோ இருந்தால் அது காம்பவுண்ட். ஊட்டியில் ஹோம்மேடு சாக்லேட் என்று விற்பதில் பெரும்பகுதி இந்தக் காம்பவுண்ட் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றியதுதான். அது ஒன்றும் மோசடியில்லை, ஆனால் தெரிந்துகொள்வது நல்லது. காம்பவுண்டுக்கு டெம்பரிங் வேண்டாம், உருக்கி முக்கினால் போதும். முதல் தடவை செய்பவர்களுக்கு அதையே சொல்வேன். ருசியில் அசலுக்கு ஈடாகாது, நாக்கில் கொஞ்சம் மெழுகு மாதிரி நிற்கும். ஒன்று மட்டும் செய்யவே கூடாது: இரண்டையும் கலப்பது. பாதி அசல், பாதி காம்பவுண்ட் போட்டால் விலையும் குறையும் ருசியும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பனை விதைக் கொழுப்பும் கோகோ வெண்ணெயும் சேர்ந்தால் இரண்டும் தனித்தனியே இருந்ததைவிட மெத்தென்று ஆகிவிடும், வெளுப்பும் சீக்கிரம் வரும். உங்கள் வீட்டில் பழைய கட்டி மிச்சம் இருந்து அதையும் சேர்த்து உருக்கினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

அசல் டார்க் சாக்லேட் 350 கிராம் எடுத்துக்கொண்டால், அதில் 250 கிராமைப் பொடியாகச் சீவிக் கிண்ணத்தில் போட்டு 45 டிகிரி வரை உருக்குங்கள். மீதி 100 கிராமையும் பொடியாகச் சீவிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். கடையில் வாங்கிய கட்டியில் சரியான படிகம் ஏற்கெனவே இருக்கிறது, தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி அது மற்றதைத் தன் வழிக்கு இழுத்துக்கொள்ளும். 31, 32 டிகிரிக்கு வந்ததும் கரையாமல் மிச்சமிருக்கும் துண்டுகளை எடுத்துவிட்டு முக்கத் தொடங்கலாம். மில்க் சாக்லேட்டானால் 40க்கு மேல் அதிகம் ஏற்ற வேண்டாம், முக்குவது 29, 30 டிகிரியில். குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் கீழுதட்டில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். மிக லேசாகச் சில்லென்று இருந்தால் சரி. கத்தி நுனியில் தொட்டு மேஜையில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கோடு விழாமல் பளபளப்பாக இறுகினால் உருண்டைகளைக் கொண்டு வரலாம். இறுகாவிட்டால் இன்னும் கொஞ்சம் சீவிப் போட்டுக் கிளறுங்கள். நம் குளிரில் கிண்ணம் வேகமாக ஆறும். கீழே இளஞ்சூட்டுத் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, நடுவே துண்டு மடித்துப் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே செய்ய வேண்டும். 33ஐத் தாண்டிவிட்டால் உறை போன பால்தான், மறுபடி தொடங்க வேண்டும்.

உருக்கும்போது தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிண்ணத்தை மேலே வையுங்கள். கிண்ணம் தண்ணீரைத் தொடக் கூடாது, விளிம்பு ஆவியை மூடியிருக்க வேண்டும். ஒரு சொட்டு ஆவி உள்ளே விழுந்தாலும் சாக்லேட் திரிந்து மண் மாதிரி ஆகிவிடும். நம் ஊரில் ஆவி குளிர்ந்த விளிம்பில் பட்டு உடனே சொட்டாகிவிடுவதால் இந்த ஆபத்து சமவெளியைவிட அதிகம். சோறு வடித்த அறையில் ஆவி போகும்வரை காத்திருக்கச் சொன்னது இதற்குத்தான். மரக்கரண்டி வேண்டாம், கழுவிய ஈரம் அதற்குள்ளேயே இருக்கும். திரிந்த சாக்லேட்டைக் கொட்டிவிடாதீர்கள். அதில் சூடான பாலைத் தாராளமாக ஊற்றிக் கிளறினால் கூழ் பதத்துக்கு வரும், குழந்தைகள் அதை ரொட்டியில் தடவித் தின்பார்கள். முக்குவதற்கு மட்டும் உதவாது.

மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறதே, இந்த அளவுகள் மாறாதா என்று சிலர் கேட்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் அதைவிட ஒரு டிகிரி கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கொழுப்பு உருகுவதற்கும் உறைவதற்கும் உயரத்தோடு சம்பந்தம் இல்லை. மேலே சொன்ன டெம்பரிங் அளவுகள் கொடைக்கானலிலும் அதேதான், சென்னையிலும் அதேதான். மாறுவது சர்க்கரைப் பாகு. உருண்டைக்குள் கடலை மிட்டாய்த் தூள் போட்டு மொறுமொறுப்பாகச் செய்ய ஆசைப்பட்டு, பாகைத் தெர்மாமீட்டர் பார்த்துக் காய்ச்சினால், குறிப்பில் உள்ள அளவிலிருந்து ஏழு டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பாகு முறுகிக் கசக்கும். பாட்டிமார் மாதிரி தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்த்தால் எந்தக் கணக்கும் வேண்டாம், அது எந்த உயரத்துக்கும் பொருந்தும்.

மூன்றாவது எண்ணெய்க் கறை. இது சாக்லேட்டின் குற்றமே இல்லை, பூரணத்தின் குற்றம். வேர்க்கடலையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். அரைத்த பிறகு அந்த எண்ணெய் கட்டுக்குள் இருக்காது. சாக்லேட்டின் கொழுப்புக்குள் மெல்ல நுழைந்து மேலோட்டை மெத்தென்று ஆக்கும், கோகோ வெண்ணெயையும் கூட்டிக்கொண்டு மேலே வரும். அதாவது, டெம்பரிங் சரியாகச் செய்தாலும் பூரணத்தில் எண்ணெய் மிதந்தால் வெளுப்பு வந்தே தீரும். உங்களுக்கு மூன்றாம் நாளே வந்தது டெம்பரிங் கோளாறாலா, எண்ணெயாலா? இரண்டும் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம். அடியில் கறை இருந்ததால் எண்ணெய்க்கு நிச்சயம் பங்கு உண்டு.

கடையில் வாங்கும் பீனட் பட்டரில் இரண்டு ரகம். கடலை மட்டுமே போட்டது ஒன்று, அதில் மேலே எண்ணெய் மிதக்கும். இன்னொன்றில் கொஞ்சம் ஹைட்ரஜனேற்றிய கொழுப்புச் சேர்த்திருப்பார்கள், அது எண்ணெயைப் பிரியவிடாது. உடம்புக்கு நல்லதென்று முதல் ரகத்தை வாங்குகிறோம், ஆனால் இந்த வேலைக்கு அது கொஞ்சம் தொல்லை. நான் வீட்டில் அரைத்துக்கொள்கிறேன், எண்ணெயை வேறு விதமாகக் கட்டுகிறேன். தோல் நீக்கிய வறுத்த கடலை 250 கிராம், ஐசிங் சர்க்கரை 120 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 40 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக, பொட்டுக்கடலை மாவு 25 கிராம். கடைசியாகச் சொன்னதுதான் ரகசியம். மாலாடு பிடிக்கும்போது பொட்டுக்கடலை மாவு எவ்வளவு நெய் குடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதே வேலையை இங்கேயும் செய்கிறது. நன்றாகச் சலித்த, நெருநெருப்பு இல்லாத மாவாக இருக்க வேண்டும். பால் பவுடரும் போடலாம், ஆனால் அது பூரணத்தைப் பால்கோவா வாடைக்குக் கொண்டுபோய்விடும், எனக்குப் பிடிக்காது. நாட்டுச்சர்க்கரையோ வெல்லத்தூளோ போட்டால் ருசி அபாரம். ஆனால் அது ஈரத்தை இழுத்துப் பூரணத்தைக் கசிய வைக்கும், அன்றன்றைக்குத் தின்பதற்கு மட்டும் சரி. வெண்ணெயிலும் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. நீண்ட நாள் வைக்க வேண்டுமென்றால் வெண்ணெய்க்குப் பதில் 32 கிராம் நெய் விடுங்கள்.

கடலையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மலைக்கடைகளில் மூட்டை ஈரத்திலேயே கிடக்கும். வாங்கும் முன் நாலு கடலையை மென்று பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் வேண்டாம். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். இதில் கஞ்சத்தனம் கூடாது. கடலையில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. நல்ல கடலையை மிதமான தீயில் பொறுமையாக வறுத்து, ஆறவிட்டு, தோலைத் தேய்த்து ஊதி, முனையில் உள்ள சின்ன முளையையும் முடிந்தவரை நீக்குங்கள், அது கசக்கும். மிக்சியில் முதலில் பொடியாகும், பிறகு கட்டியாகும், மூன்றாவதாகத்தான் எண்ணெய் விட்டுக் குழையும். ஓட்டி ஓட்டி நிறுத்துங்கள். குழையத் தொடங்கியதும் போதும், தண்ணீர் மாதிரி ஓடும்வரை அரைத்தால் அத்தனை எண்ணெயும் வெளியே வந்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து 12 கிராம் உருண்டைகளாகப் பிடித்தால் முப்பத்தைந்து வரும். உள்ளங்கையில் எண்ணெய் மினுமினுத்தால் இன்னும் ஒரு கரண்டி மாவு போடுங்கள்.

முக்குவதில் பெரிய வித்தை இல்லை. இரண்டு பல் முள்கரண்டியில் உருண்டையை வைத்து அமிழ்த்தி எடுத்து, கிண்ண விளிம்பில் மூன்று தட்டு தட்டி, அடியை வழித்துவிட்டுப் பட்டர் பேப்பரில் நழுவ விடுங்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இதே உருண்டையைப் பல்குச்சியில் குத்தி, உச்சியில் ஒரு வட்டம் மட்டும் பூரணம் தெரிகிற மாதிரி முக்குவார்கள். அங்கே பக்கை என்றொரு மரம் உண்டு, அதன் கொட்டை போலவே இருப்பதால் பண்டத்துக்கும் அந்தப் பெயர். பார்க்க அழகுதான். ஆனால் திறந்த வட்டம் வழியாக ஈரமும் போகும், எண்ணெயும் வரும். வீட்டுக்கு அப்படிச் செய்யுங்கள், மதுரைக்கு அனுப்புவதை முழுக்க மூடுங்கள். அந்த ஊர்ப் பழைய குறிப்புகளில் சாக்லேட்டோடு பாரஃபின் மெழுகும் போடச் சொல்லியிருக்கும். அங்கே உணவுக்கென்று சுத்திகரித்த மெழுகு விற்கிறது. இங்கே அதைப் படித்துவிட்டு மெழுகுவர்த்தியைச் சீவிப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். மெழுகுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் விடச் சொல்பவர்களும் உண்டு. பளபளக்கும், ஆனால் ஓடு இளகிவிடும், கீழ்நாட்டுச் சூட்டுக்கு அது இன்னும் மோசம். முக்கி அடுக்கிய தட்டை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். 18 டிகிரிச் சுமாரில், காற்றாடும் இடத்தில், அரை மணி நேரம் விட்டால் தானே இறுகும்.

ஊட்டிக் காற்றும் தண்ணீரும்தான் சாக்லேட்டுக்கு ருசி என்று கடைக்காரர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. கோகோ நம் உயரத்தில் விளைவதில்லை. தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்கிறது. மலை நமக்குக் கொடுத்திருப்பது செய்த சாக்லேட் உருகாமல் இருக்கும் ஒரு நல்ல அலமாரி. 15 முதல் 18 டிகிரியில், வாசனைப் பொருள் எதுவும் இல்லாத இடத்தில், மூடிய டப்பாவில் என் உருண்டைகள் மூன்று வாரம் நன்றாக இருக்கின்றன. அதற்கு மேல் எண்ணெய் தன் வேலையைக் காட்டத் தொடங்கும். விற்கப் போகிறீர்களென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். லேபிளில் வேர்க்கடலை, பால் இரண்டும் இருப்பதை எழுதியாக வேண்டும். சும்மா கொடுப்பதாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நீட்டுவதற்கு முன் அதன் அம்மாவிடம் கேளுங்கள். கடலை ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஒரு துண்டு போதும், மூச்சுத் திணறல்வரை கொண்டுபோய்விடும்.

கடைசியாக மதுரை. குன்னூரில் ஏறும் பஸ் பர்லியார் தாண்டி மேட்டுப்பாளையத்துக்குள் 1,500 மீட்டர் இறங்கிவிடுகிறது. அவ்வளவு சீக்கிரம் இவ்வளவு சூட்டு மாற்றம் உருண்டைக்கு வேறெங்கும் கிடைக்காது. ஏப்ரல் மே மாதத்தில் அனுப்ப வேண்டாம். 34 டிகிரியில் உருகும் பொருளை 38 டிகிரி ஊருக்கு வீட்டுத் தந்திரம் எதுவும் உருகாமல் கொண்டுசேர்க்காது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இரவு பஸ்ஸில் அனுப்பலாம். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் மட்டுமல்ல, வேலைக்கும் அதுதான் நல்லது என்பதால் சொல்கிறேன்: எவர்சில்வர் தூக்குச்சட்டியில் பட்டர் பேப்பர் போட்டு நெருக்கமாக அடுக்கி, மூடியை இறுக்கி, பழைய கம்பளியால் மூன்று சுற்றுச் சுற்றுங்கள். கம்பளி குளிரையும் அடைத்து வைக்கும். தங்கைக்குப் போன் பண்ணி ஒன்று சொல்லிவிடுங்கள். சட்டி கைக்கு வந்ததும் ஆசையில் திறந்தால் மதுரைக் காற்றின் ஈரமெல்லாம் குளிர்ந்த உருண்டையில் வியர்வையாக வந்து உட்காரும், மறுநாள் வெளுத்துவிடும். கம்பளியை மட்டும் அவிழ்த்துவிட்டு, மூடியைத் தொடாமல் இரண்டு மணி நேரம் அப்படியே வைத்திருந்து, சட்டியின் வெளிப்பக்கம் கைக்குச் சில்லென்று படாதபோது திறக்கச் சொல்லுங்கள்.